இரண்டரைக் கட்டை

எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து பாடினால் ஒரு குரல்தான் கேட்க வேண்டும். அது அப்பா போட்ட சட்டம். செங்கல்பட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் அவர் பாட்டு வாத்தியார். விடியற்காலையில் அக்காவையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சுருதிப்பெட்டியைத் திருகிவிடுவார். எது அக்கா குரல், எது என் குரல் என்று தெரியாமல் ஒட்டிப்போகும் வரை எழுந்திருக்க முடியாது. ஒரு நூல் பிரிந்தாலும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிடும். அடிக்கவே மாட்டார். அந்தக் கை நிற்பதற்குப் பதில் அடித்தே இருக்கலாம் என்று தோன்றும்.

இப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் ஒரு கீபோர்டுக்காரருக்குக் கட்டிவைத்தார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடற்கரையோரத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் உத்தியோகம். அணுபுரத்தில் குடியிருப்பு வீடு. பெண் பார்க்க வந்த அன்று முக்கால் மணி நேரம் பாடினேன். பாட்டுப் பிடித்ததா என்று அவருடைய அத்தை கேட்டதற்கு, "நல்லா இருக்கு" என்றார். பஜ்ஜி எப்படி என்று என் அம்மா கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. "மாப்பிள்ளைக்கும் சங்கீதம் வரும்" என்று தரகர் சொன்னதை நம்பித்தான் அப்பா தலையாட்டினார். அந்தச் சங்கீதம் எதுவென்று யாரும் விசாரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதத்தில் அணுபுரத்துக்குக் குடிவந்தேன். கூடத்தில் இஸ்திரி மேசைமேல் கீபோர்டு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு டேப் ரெக்கார்டர்கள். அலுவலகம் விட்டு வந்து காபி குடித்ததும் அங்கே போய் நின்றுவிடுவார். விடுமுறை நாளென்றால் காலையிலேயே. முதலில் தாளத்தை ஓடவிட்டு ஒரு டேப்பில் பதிவார். அதைத் திரும்ப ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அடிச்சுரங்களை வாசித்து இரண்டாவது டேப்பில் பதிவார். பிறகு இரண்டாவதை ஓடவிட்டு அதன்மேல் ஸ்ட்ரிங்ஸ் போட்டு மறுபடி முதலாவதில். நூறு வயலின் ஒன்றாக மூச்சுவிடுவது போல ஒலிக்கும் ஒரு பொத்தானுக்கு ஸ்ட்ரிங்ஸ் என்று பெயர். ஒயரால் இணைக்கத் தெரியாதவர் இல்லை. நல்ல ஒயர் வாங்கச் சோம்பல். ஸ்பீக்கரில் ஓடுவதை எதிரே இருக்கும் மைக் வழியாகவே பிடிப்பார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் வீட்டு மின்விசிறியும் தெருவில் போகும் சைக்கிள் மணியும் பாட்டில் ஏறிக்கொள்ளும்.

"இது என்ன?" என்று கேட்டால் "பேக்ரவுண்டு" என்பார். முன்னால் ஒன்றையும் காணோம், பின்னால் மட்டும் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நான் கேட்டிருக்கிறேன். சிரிப்பார். இரண்டு மூன்று சுரங்களை ஒன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். எனக்கு அது ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசுவது போலத்தான் கேட்டது. யார் பேச்சைக் கேட்பது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது. நான் பாத்திரத்தை உருட்டுவேன், தாளிப்பேன், வாசலில் கீரை விற்பவளோடு சண்டை போடுவேன். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், "நான் போடற சத்தமெல்லாம் உங்க டேப்புல விழுமே, இடைஞ்சலா இல்லையா?"

"இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஒரு மனிதர். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இவருக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்பதே எனக்குத் தெரியவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அடிக்கலை, குடிக்கலை, அப்புறம் என்னடி?" என்றாள்.

அந்த வருஷம் குடியிருப்பு ஆண்டு விழாவுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுப் போடுவது என்று இவரும் இவர் நண்பர்களும் முடிவு செய்தார்கள். மெதுவாக நகரும் காதல் பாட்டு. வரிகளை அலுவலகத்தில் கவிதை எழுதும் ஒருவர் எழுதினார். நிலா, மழை, ஜன்னல் எல்லாம் தவறாமல் வந்திருந்தன. வரிகளைப் பார்த்து நான் சிரித்தேன். மெட்டைக் கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. மெட்டு நன்றாக இருந்தது. அடியில் தண்ணீர் சொட்டுவது போலத் தாளம், அதன்மேல் ஸ்ட்ரிங்ஸ் விரிந்து கிடக்க, ஒரு பெண் மிக அருகில் வந்து சொல்வது போலப் பாட வேண்டிய மெட்டு. இந்த மனிதருக்குள் இத்தனை இருக்கிறதா என்று நினைத்தேன். இருந்தால் அது யாருக்காக என்று அடுத்த நொடியே நினைத்தேன்.

பாடப்போகிறவள் அவர் பிரிவிலேயே வேலை பார்க்கும் ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி, கல்யாணம் ஆகாதவள். பாட்டுப் படித்ததில்லை, ஆனால் மைக்கை உதட்டோரம் வைத்து மூச்சும் பாட்டுமாகப் பாடினால் கேட்பவருக்கு உடம்பு கூசும். அம்மா விஷயம் தெரிந்து, "கையில் வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்?" என்று கேட்டாள். நான் அந்தக் கேள்வியை இரண்டு நாள் உள்ளேயே வைத்துப் புழுங்கினேன்.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார். "நீ ஹார்மனி பாடுதியா?"

"அப்படின்னா?"

"அவ பாடும்போது நீயும் கூடப் பாடணும். அதே வார்த்தை. வேற சுரம். பின்னால."

பின்னால! ஏழு வயதிலிருந்து சுருதிப்பெட்டி முன்னால் உட்கார்ந்தவள் நான். என் புருஷன் போட்ட காதல் பாட்டை இன்னொருத்தி பாடுவாள், நான் அவளுக்குப் பின்னால் நின்று வேறு சுரம் பாட வேண்டுமாம். வேறு சுரம் பாடக்கூடாது என்றுதான் எனக்குப் பத்துப் பதினைந்து வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். சொன்னால், ஒத்திகை நடக்கும் இடத்தில் அவர்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க முடியாமல் போய்விடும். அதனால் "சரி" என்றேன்.

நான் பாட வேண்டியதை அவர் கீபோர்டில் ஒற்றை விரலால் வாசித்துக் காட்டத் தொடங்கினார். இரண்டு வரிகூடத் தாண்டியிருக்காது. "அவ ஸ பாடறப்போ நான் க பாடணும், மூணாவது சுரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், அவ்வளவுதானே? புரிஞ்சுடுத்து" என்று நிறுத்திவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கர்வம் உண்டு. சுரம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மீதியை நாங்களே போட்டுக்கொள்வோம். சுருதிப்பெட்டியை மூன்றாவது சுரத்துக்குத் திருகி, அதையே என் ஸ என்று வைத்துக்கொண்டு, அவள் பாடும் அதே மெட்டை அங்கிருந்து பாடிப் பழகினேன். ஒரு வாரம். அசைவு பிசகாமல், சுத்தமாக வந்தது. அவளை ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமூகக் கூடத்தில். கிட்டார் வாசிக்கக் கடப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அலுவலகத்து கேன்டீனில் வேலை, கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துப் பழக்கம். அவர் வந்ததிலிருந்தே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாட்டு இரண்டரைக் கட்டையில் இருந்தது. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். நடுவில் இருக்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை. பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்வதற்கு அதுதான் கணக்கு. இரண்டரையில் கிட்டார் வாசிப்பது விரலுக்குத் தண்டனையாம். தந்திகளை அரைக் கட்டை ஏற்றுவதற்காக அவர் கிட்டார் கழுத்தில் ஒரு பென்சிலை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அண்ணாத்த, இன்னா கட்டை இது? பேஜாரா கீது. ரெண்டுல வாசிச்சா இன்னா கொறைஞ்சா பூடும்?"

"இரண்டரைதான்" என்றார் இவர். இவருக்கு என்ன, கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் எந்தக் கட்டையும் வந்துவிடும்.

தாளம் தொடங்கியது. ஸ்ட்ரிங்ஸ் விரிந்தது. அந்தப் பெண் முதல் சொல்லை எடுத்தாள், நானும் எடுத்தேன். முதல் சுரம் நன்றாகவே ஒட்டியது. இரண்டாவதில் ஏதோ உரசியது. மூன்றாவதில் கூடத்தில் இருந்த எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான்தான் சுத்தமாகப் பாடுகிறேனே, தப்பு என்னுடையதாக எப்படி இருக்கும் என்று குரலை உயர்த்தினேன். இன்னும் மோசமானது. இவர் கையை எடுத்துவிட்டார். தாளம் மட்டும் டொக், டொக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

கிட்டார்க்காரர்தான் பேசினார். "யக்கா, நீ தனியா பாடுனா சூப்பரா கீது. அவங்க தனியா பாடுனாலும் சூப்பரு. ரெண்டும் சேர்ந்தா நண்டு குண்டான்ல உருள்ற மாரி கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். என் காது இரண்டும் சுட்டது.

நான் செய்தது என்ன என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். சுரங்கள் ஏணி மாதிரி. ஆனால் ஏணியின் படிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் இல்லை. ஒருத்தி முதல் படியிலிருந்து ஏறும்போது இன்னொருத்தி மூன்றாம் படியிலிருந்து அதே ஏணியில்தான் ஏற வேண்டும். நான் என் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து மூன்றாம் படிமேல் நிறுத்தி ஏறினேன். அவள் படியும் என் படியும் முட்டிக்கொண்டன. அவர் வாசித்துக் காட்டியதை முழுசாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. அதைத்தான் நான் கேட்கவில்லையே.

"வீட்ல பார்த்துக்கலாம்" என்றார் இவர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தண்ணீர்ப் பானை பக்கம் போய் நின்றேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. இந்தக் கட்டையே சரியில்லீங்க. எனக்கு ரெண்டுதானுங்க வசதி. மேல போறப்ப தொண்டை பிடிக்குது. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாச்சு, சார் அரைக் கட்டை இறக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னாவாவது கேப்பாருங்களா?"

எனக்குக் குழப்பமாக இருந்தது. அவள் குரலுக்குத் தோதாகத்தான் இரண்டரையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் சந்தேகத்துக்கு வழி கண்டுபிடிப்பதா கஷ்டம்? அவள் குரல் உச்சியில் கொஞ்சம் திணறினால் கேட்க இன்னும் உருக்கமாக இருக்கும், அதற்காகத்தான் இறக்க மாட்டேன் என்கிறார் என்று வீடு போய்ச் சேருவதற்குள் முடிவுகட்டிவிட்டேன்.

அதே வாரம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் பள்ளியில் என்னைக் கேட்கிறார்கள். வார நாட்களில் செங்கல்பட்டில் பிறந்த வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். "உன் இஷ்டம்" என்றார்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டிருப்பேன். நிஜமாகவே கிழித்திருப்பேன். உன் இஷ்டமாம்! விழா முடிந்த மறுநாள் காலை பஸ் என்று முடிவு செய்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துத் தூசி தட்டிப் புடவைகளை அடுக்கினேன். வார நாட்களில் அங்கே, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே. பிறகு பார்த்துப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையும் வராமல் போய்விட வேண்டியதுதான். இவர் தன் பேக்ரவுண்டோடு சௌக்கியமாக இருக்கட்டும்.

ஆனால் பாட்டு பாக்கியிருந்தது. நண்டு என்று பெயர் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதா? விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. ஸ்பீக்கர் கொண்டுவர இவர் வெளியே போயிருந்தார். அந்தப் பெண் தனியாகப் பாடி இவர் பதிந்து வைத்திருந்ததை ஒரு டேப்பில் ஓடவிட்டு, அதன்மேல் நானே பாடிப் பதிந்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். காலி கேசட் வேண்டும். அவர் கேசட்டுகள் எல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் இருக்கும். துழாவினேன்.

அடியில் ஒரு கேசட். மேலே அவர் கையெழுத்தில் "அழிக்கக் கூடாது." பாட்டுப் பெயர் இல்லை. எதிலும் மூன்று வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர் இந்த இரண்டு வார்த்தையையும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். போதாததற்கு, மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டிருந்தார். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் தவறிப்போய்கூடப் பதிய முடியாது.

அவள் குரல்தான் என்று நினைத்தேன். திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடப் பார்த்தேன். இருந்தாலும் போட்டேன்.

முதலில் மின்விசிறி. பிறகு பாத்திரம் கழுவும் சத்தம். ஒரு கரண்டி கீழே விழுந்தது. தூரத்தில் ஒரு பெண் வாய்க்குள்ளேயே எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. "ஒண்ணு" என்றாள் அந்தப் பெண், பாட்டை விடாமலேயே.

அது நான்.

சமைக்கும்போது தோடி ராகத்தை முணுமுணுப்பது என் வழக்கம். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அந்த முணுமுணுப்புக்கு அடியில் கீபோர்டு ஒன்று தொட்டுப் பார்த்தது. ஒட்டவில்லை. நின்றது. வேறு இடத்தில் தொட்டது. அதுவும் ஒட்டவில்லை. இரண்டாவது விசில். "ரெண்டு" என்றேன் நான். வாசலில் கீரைக்காரி குரல் கொடுத்தாள். நான் பாட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய், "இது என்ன கீரையா வத்தலா? நேத்திக்குப் பறிச்சதைத் தண்ணி தெளிச்சுக் கொண்டு வந்திருக்கே" என்று பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, அது ஓடியது. அத்தனை நேரமும் அந்த மனிதர் ஒரு கட்டையைக்கூட அமுக்கவில்லை. டேப்பையும் நிறுத்தவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தேன். மூன்றாவது விசில் அடித்தது. "மூணு" என்று அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அதே சுரத்தில் மறுபடி எடுத்தேன். அப்போது அடியில் ஸ்ட்ரிங்ஸ் வந்தது. என் குரல் எங்கே மிதந்துகொண்டிருந்ததோ அதற்கு நேர் கீழே, தரை போட்டது போல. ஒரு இடத்தில்கூட முட்டவில்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே போகிறேன். அவர் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் ஒன்று வைத்துக்கொண்டே வருகிறார். அப்பா வீட்டில் இரண்டு குரல் ஒன்றாகிக் கேட்டிருக்கிறேன். இரண்டும் இரண்டாகவே இருந்து இப்படிச் சேர்வதை அன்றுதான் கேட்டேன். கேசட் தீரும் வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு சுருதிப்பெட்டியை எடுத்து என் வழக்கமான ஐந்து கட்டைக்கு வைத்தேன். டேப்பில் இருந்த முணுமுணுப்பைத் தோடியின் அசைவுகள் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, மொட்டையாக, கீபோர்டு வாசிப்பது போலப் பாடிப் பார்த்தேன். அசைவுதான் தோடிக்கு உயிர். அதை எடுத்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று அவர் ஒற்றை விரலால் வாசிக்கத் தொடங்கி, நான் பாதியில் நிறுத்தினேனே, அந்த ஹார்மனி இதுதான். அந்தப் பெண் பாடும் மெட்டு இதற்குக் கீழே அளந்து வைத்தது. என் ஸ ஐந்து கட்டை. இரண்டரையை ஸ என்று வைத்தால் மூன்றாவது சுரம் வருவது அந்த ஐந்தில்தான்; ஐந்துக்கு அடியில் தரை போட்டால் அது இரண்டரையில்தான் விழும்.

மத்தியானம் இவர் வந்தார். கேசட்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பார்த்ததும், திருடும்போது பிடிபட்டவர் போல முகம் போனது.

"இது என்ன?"

"அது ரொம்ப நாள் முன்னால எடுத்தது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ முணுமுணுக்கிறத நிறுத்திருவ."

அது உண்மைதான். நிறுத்தியிருப்பேன். இருந்தாலும் விடவில்லை. "என்னோட பாட்டுன்னா என்னையே பாடச் சொல்லியிருக்கலாமே? எதுக்கு அவளை முன்னாடி வெச்சு என்னைப் பின்னாடி தள்ளினீங்க?"

"பின்னாடின்னு யாரு சொன்னா?" என்றார். பிறகு, "நான்தான் சொன்னேன் போல. எனக்குச் சொல்லத் தெரியல. முதல்ல இருந்தது உன்னோடதுதான். அவ பாடுதது அதுக்குக் கீழ நான் வச்சது. ரெண்டும் சேர்ந்தாதான் பாட்டு."

"கட்டையை இறக்கச் சொல்லி அத்தனை பேர் கேட்டாங்களே?"

"உன் சுருதி அஞ்சு. இறக்கினா உனக்கு இடிக்கும்லா."

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். கோபத்தில்தான் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வருஷமாக எனக்கு அடியில் ஒருவர் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் கீரைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஏன் உன் இஷ்டம்னு சொன்னீங்க?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "போன்னு சொல்ல மனசில்ல. போகாதேன்னு சொல்ல நான் யாரு? உன் படிப்பு அது." ஒரே நாளில் அத்தனை வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. சோற்றை மறுபடி பிசைந்துகொண்டே, "தினம் போய்ட்டு வர முடியாதா?" என்று கேட்டார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் இருப்பது உலகத்துக்கே தெரியும். எனக்குத்தான் அதுவரை தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாடினோம். நாற்காலிகள் நிறைந்திருந்தன, கடல் காற்றில் மைக் படபடத்தது. கிட்டார்க்காரர் பென்சிலை இன்னும் இரண்டு சுற்றுக் கட்டியிருந்தார். முதல் அடியைத் தாண்டினோம், முட்டவில்லை. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். உச்சியில் அவள் குரல் திணறப்போன இடத்தில் நான் மேலே இருந்ததால் அது வெளியே தெரியவில்லை. கைதட்டினார்கள். எல்லோரும் அவளிடம் போய்த்தான் கை குலுக்கினார்கள். பின்னால் பாடியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அன்று ஒரு பொட்டுக் கோபம்கூட வரவில்லை என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

செங்கல்பட்டிலிருந்து அப்பா வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முழுக்க அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடைமேல் அது நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வந்ததும், "ரெண்டு பேரும் வேற வேற பாடினேள்" என்றார். ஆமாம் என்றேன். "தப்புன்னும் சொல்ல முடியலை" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டு போனார்.

பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். ஆனி பிறந்ததும் வேலையில் சேர்ந்து, பதினோரு வருஷம் அந்தப் பஸ்ஸில் போய் வந்தேன்.

விழாவில் பாடியதை யாரும் பதியவில்லை. அந்தச் சமையலறைக் கேசட் மட்டும் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அதில் பூஞ்சை படர ஆரம்பித்துவிட்டது. செங்கல்பட்டு ரயில் நிலையம் பக்கத்தில் பழைய கேசட்டுகளை சிடியாக மாற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. ஒருநாள் பள்ளி விட்டதும் அங்கே கொண்டுபோனேன். கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். கேசட்டைப் பஞ்சால் துடைத்துப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு காதை மட்டும் விலக்கினார்.

"யக்கா, பாட்டு நல்லாத்தான் கீது. பேக்ரவுண்டுலதான் ஒரே பேஜாரு. குக்கர் விசிலு அடிக்குது, யாரோ ஒரு பொம்பள நடுவுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினு கீது. அப்பால கீரைக்காரிகூட ஒரே சண்டை. எல்லாத்தையும் தூக்கிட்டு சுத்தமா குடுத்துடட்டா?"

"இருக்கட்டும்" என்றேன்.

"விசிலுமா?"

"அதுவுந்தான். மூணு விசில் வந்தப்புறம்தான் பாட்டே ஆரம்பிக்கும்."